பாதியில் நின்ற சட்டம்

செம்பரம்பாக்கம் ஏரியை விட்டுச் சென்னைப் பக்கமாகச் சில கிலோமீட்டர் வந்தால் பூந்தமல்லி. இன்றைக்கு மேம்பாலமும் பேருந்து நெரிசலுமாக இருக்கும் அந்த ஊர், 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கண்டோன்மென்ட். நோயிலிருந்து தேற வேண்டிய வெள்ளைக்காரச் சிப்பாய்களை அங்கே தங்கவைத்தார்கள். பரங்கிமலையில் இருந்ததைப் போலவே பூந்தமல்லியிலும் ஒரு 'லாக் ஆஸ்பத்திரி' இருந்தது. அந்தப் பெயர் லண்டனில் இருந்த ஒரு பழைய மருத்துவமனையிலிருந்து வந்தது, பூட்டு என்ற பொருளில் வந்ததல்ல. ஆனால் இங்கே நடந்ததைப் பார்த்தால் பூட்டு என்று புரிந்துகொள்வதில் தவறொன்றும் இல்லை. பால்வினை நோய் ராணுவத்தின் பலத்தைக் குறைக்கிறது என்று கவலைப்பட்ட அரசு, சிப்பாயை விட்டுவிட்டுப் பெண்ணைப் பிடித்தது. 1868இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், குறித்த நாளில் உடற்பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்றது. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, பெண்கள் சிலர் சோற்றுக்காகவே இந்த ஆஸ்பத்திரிகளுக்குள் வந்ததை வரலாற்றாசிரியர் சாரா ஹாட்ஜஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அடைத்துவைக்கக் கட்டிய இடத்துக்குப் பசி தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பிரிட்டனில் எழுந்த கடும் எதிர்ப்பின் விளைவாக 1888இல் சட்டம் நீக்கப்பட்டது.

இணையத்தில் விற்கும் போலி மருந்துகளைப் பற்றிப் பேச வந்து பூந்தமல்லிப் பட்டாளத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மேகநோய் என்றும் வெட்டை என்றும் ஊரார் அறிந்த இந்த நோய்களுக்கு இந்தப் பகுதியில் அரசு திறந்த முதல் வாசல், பெயர் பதிவும் போலீசும் ஊர்ப்பேச்சும் கூடிய வாசல். உள்ளே போனவள் இன்னாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே காலத்தில் மருந்து வியாபாரி வேறொரு வாசலைத் திறந்தான். பெயர் சொல்ல வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், ரகசியம் காக்கப்படும். போலி மருந்துக்கு ஆதாரம் மக்களின் அறியாமை என்பது வழக்கமான விளக்கம். ஆனால் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள், கணினியில் வேலை செய்பவர்களும் ஏமாறுகிறார்கள். நோயாளி விலை கொடுத்து வாங்கியது முதலில் ரகசியத்தை, மருந்து அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த நாட்டில் இந்த வியாபாரத்தை ஒழுங்குபடுத்திய சட்டங்கள் விளம்பரத்தின் வாயை அடைக்கப் பார்த்தனவே தவிர, அந்த ரகசியத்தை நேர்மையான இடத்தில் கிடைக்கச் செய்வதைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. தோல்விக்குக் காரணம் அதுதான் என்பது என் வாதம்.

போலி என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். பழைய வைத்தியம் முழுவதையும் அந்தச் சொல்லுக்குள் அடைப்பது அநியாயம். போர்த்துக்கீசியர் 1498இல் கள்ளிக்கோட்டையில் இறங்கிய பிறகு இந்தியாவில் பரவிய சிபிலிசுக்குத் தமிழில் பறங்கிப்புண் என்று பெயர். பரங்கிமலைக்குப் பெயர் தந்த அதே பரங்கியர்தான். 16ஆம் நூற்றாண்டில் பாவமிச்ரர் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூலும் இதைப் 'பிரங்க ரோகம்' என்றே குறிக்கிறது. சீனத்திலிருந்து வந்த கிழங்கு ஒன்று இந்த நோய்க்குக் கொடுக்கப்பட்டதால் அதுவும் பறங்கிப்பட்டை ஆயிற்று. பாதரசத்தைப் பக்குவப்படுத்திக் கொடுத்தார்கள், அளவு மிஞ்சினால் பல் ஆடி வாய்ப்புண் வந்து எச்சில் வழிந்தது. ஐரோப்பியர் நிலைமையும் அப்போது இதைவிட மேலில்லை. அவர்களும் பாதரசத்தைத்தான் பூசினார்கள், புகைத்தார்கள், விழுங்கினார்கள். 1910இல் பால் எர்லிக்கும் சகாசிரோ ஹட்டாவும் கண்டறிந்த சால்வர்சான் என்ற ஆர்செனிக் மருந்து விற்பனைக்கு வந்தது. 1943இல் அமெரிக்காவில் ஜான் மஹோனி பென்சிலின் ஊசியால் சிபிலிஸ் நோயாளிகளைக் குணப்படுத்திக் காட்டினார். அதற்கு முந்திய வைத்தியர் தெரிந்ததைச் செய்தார். அதற்குப் பிந்தி, ஒரே ஊசியில் தீரக்கூடிய ஆரம்பகால சிபிலிசுக்கு லேகியத்தை அஞ்சலில் அனுப்பிப் பணம் வாங்கியவர் வேறு கணக்கில் சேர்கிறார். மருந்தின் குலம் கோத்திரம் எதுவானாலும், 'இது குணமாக்கும்' என்று சொன்ன வாக்கு மெய்யா என்பதுதான் அளவுகோல்.

அந்த வாக்கு பொய் என்பதை வாங்கியவர் ஏன் கண்டுபிடிப்பதில்லை? இதற்குப் பதில் நோயின் உடலியலிலேயே இருக்கிறது. சிபிலிஸ் தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில் வலியில்லாத ஒரு புண் வருகிறது. ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். நம் வைத்தியத்தில் ஒரு மண்டலம் என்பது 48 நாள். புண் வந்தவுடன் ஒரு மண்டலத்துக்கு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறவன், மருந்து தீர்வதற்குள் புண் ஆறியிருப்பதைத் தன் கண்ணாலேயே பார்க்கிறான். அவனை எப்படி மூடன் என்பது? பிறகு சில வாரமோ சில மாதமோ கழித்து உடம்பில் தடிப்பு வரும், அதுவும் மறையும். கிருமி ஆண்டுக்கணக்கில் உள்ளே ஒடுங்கியிருந்து, சிலருக்குப் பத்து இருபது ஆண்டு கழித்து இதயத்தையோ மூளையையோ தாக்கும்போது, அந்தப் பழைய புண்ணோடு யாரும் அதை முடிச்சுப் போடுவதில்லை. ஹெர்பிஸ் கொப்புளம் ஒரு சில வாரத்தில் தானே அடங்கும், வைரஸ் நரம்பில் தங்கிவிடும். எச்.ஐ.வி. பல ஆண்டுகள் எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கும். பெண்களில் பலருக்கு வெட்டை நோய் தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. ஆக, பொய் மருந்துக்குச் சாட்சி சொல்ல நோயே முன்வருகிறது. மற்ற நோய்களில் போலி வைத்தியன் சீக்கிரம் அம்பலப்படுவான். இங்கே அவனுக்கு நன்றிக் கடிதம் வரும், அந்தக் கடிதம் அடுத்த விளம்பரமாகும்.

இந்த வியாபாரம் பெருகத் தபால் இலாகா பெரும் உதவி செய்தது. 1877இல் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொட்டலம் வீட்டு வாசலுக்கு வரும்போது தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும். அதற்கு முன் மருந்து வேண்டுபவர் வைத்தியரிடம் போயாக வேண்டும், வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பார், ஊரில் அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும், பெயர் கெட்டால் பிழைப்பும் கெடும். வி.பி.பி. வந்ததும் பார்க்காத வைத்தியர் பார்க்காத நோயாளிக்கு மருந்து அனுப்புவது வழக்கமாயிற்று. பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களும் பத்திரிகைகளும் அந்த விளம்பரங்களைச் சுமந்தன. 'வாலிப வயோதிக அன்பர்களே' என்ற விளிப்பு தமிழ்நாட்டில் கேலிக்குரிய வசனமாகும் அளவுக்குப் பரவியது. பின்னாளில் 'இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் இன்ன அறையில் வைத்தியர் சந்திப்பார்' என்ற அறிவிப்புகள் வந்தன. நள்ளிரவுத் தொலைக்காட்சி வந்ததும் அதே பேச்சு படமாக ஓடியது. ஊடகம் மாறிக்கொண்டே இருந்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை: பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது என்ற உறுதி. அதைக் கேலி செய்து சிரித்த நாம், அந்த உறுதி எவ்வளவு பெரிய தேவை என்பதைக் கவனிக்காமல் போனோம்.

பிரிட்டன் இதே சிக்கலைக் கையாண்ட விதம் நமக்குப் பாடமாகியிருக்க வேண்டும். அங்கே 1889இலேயே இந்நோய்கள் பற்றிய விளம்பரங்களை ஆபாச விளம்பரம் என்று தடைசெய்ய ஒரு சட்டம் வந்தது. ஆனால் போலி வைத்தியர்கள் குறையவில்லை. 1913இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் மூன்றாண்டு விசாரித்து 1916இல் அறிக்கை தந்தது. உடனே அந்த ஆண்டே உள்ளாட்சிகள் இலவசச் சிகிச்சை நிலையங்களைத் திறக்க விதிகள் வந்தன. நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது, செலவில் முக்கால் பங்கை மைய அரசு ஏற்கும் என்பது ஏற்பாடு. அதன் பிறகுதான் 1917இல் பால்வினை நோய்ச் சட்டம். தகுதியில்லாதவர் காசு வாங்கிக்கொண்டு இந்நோய்க்கு வைத்தியம் செய்யக் கூடாது என்ற தடையை அது கொண்டுவந்தது. அதே சட்டத்தில் இருந்த விளம்பரத் தடை நாடு முழுவதற்கும். வைத்தியத் தடைக்கோ ஒரு நிபந்தனை இருந்தது. இலவசச் சிகிச்சைத் திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் பகுதிக்கு மட்டும்தான் அது பொருந்தும். நேர்மையான வாசலைத் திறந்துவைத்த பிறகே போலி வாசலை மூட அரசுக்கு உரிமை உண்டு என்பது அந்த நிபந்தனையின் பொருள். சட்ட வரலாற்றில் இத்தனை நியாயமான நிபந்தனையைப் பார்ப்பது அரிது.

இந்தியா எடுத்துக்கொண்டது தடையை மட்டும். 1930இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு கலப்பட மருந்துகளையும் பொய் விளம்பரங்களையும் ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1940இல் மருந்துச் சட்டம் வந்தது. விளம்பரத்துக்கென்று தனிச் சட்டம் 1954இல்தான் நிறைவேறியது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று அதற்குப் பெயர். அது நடைமுறைக்கு வந்த நாள் 1955 ஏப்ரல் 1. மூன்றாம் பிரிவு பால்வினை நோய்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவற்றைக் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ வல்லது என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்றது. மந்திரம், தாயத்து, கவசம் எல்லாம் மாய நிவாரணத்தில் அடங்கின. விளம்பரம் என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் அழகானது. அச்சடித்த தாள், உறை, வாய்மொழி அறிவிப்பு இவற்றோடு ஒளி, ஒலி, புகை வழியாக வெளிப்படுத்தும் எதுவும் விளம்பரம்தான். கைப்பேசித் திரையை 1954இல் யாரும் கனவு கண்டிருக்க முடியாது. ஆனாலும் ஒளியும் ஒலியும்தானே அது. தண்டனையோ முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், மீண்டும் செய்தால் ஓராண்டு வரை. இலவசச் சிகிச்சை நிலையம் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

பேச்சுரிமைக்கு இது முரணல்லவா என்ற எதிர்வாதம் உடனே எழுந்தது. டெல்லியின் யுனானி மருந்து நிறுவனமான ஹம்தர்த் தவாகானாவும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். யுனானி, ஆயுர்வேதம் போன்ற முறைகளை ஒடுக்கவே இந்தச் சட்டம் என்பதும் அவர்கள் வாதத்தில் இருந்தது. 1959 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சரக்கு விற்பதற்காகச் செய்யும் இத்தகைய விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வராது, மக்கள் தாமாகவே மருந்து வாங்கி உண்டு கெடுவதைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம் என்றது நீதிமன்றம். ஆனால் எந்த நோயை வேண்டுமானாலும் விதியின் மூலம் சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசுக்குக் கொடுத்திருந்த வரம்பற்ற அதிகாரத்தையும், சோதனையிட்டுப் பறிமுதல் செய்யும் பிரிவையும் வெட்டி எறிந்தது. 1963இல் திருத்தம் செய்து 54 நோய்களின் அட்டவணையைச் சேர்த்தார்கள். சிபிலிஸ், கொனோரியா முதலான பால்வினை நோய்கள் அதன் கடைசி வரிசை. பின்னாளில் 1995இல் டாடா பிரஸ் வழக்கில் வணிக விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் நிலையை விரிவாக்கியது உண்மை. அங்கும் ஏமாற்று விளம்பரத்துக்கு இடமில்லை என்பதில் மாற்றம் இல்லை. எனவே உரிமை பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சட்டத்தை நடத்திச் செல்வதுதான் விடை கிடைக்காத கேள்வி. போலீஸ் தானாகவே வழக்குப் பதியலாம் என்று 1963 திருத்தம் வழிசெய்தும், நடைமுறையில் புகார் கொடுக்க ஒருவர் வேண்டியிருக்கிறது. 'எனக்கு இந்த நோய் வந்தது, இவரிடம் மருந்து வாங்கினேன், ஏமாந்தேன்' என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்க யார் வருவார்? வியாபாரி விற்ற அதே ரகசியம் அவனுக்கே கவசமாகிறது. மாய நிவாரணச் சட்டம் தடைசெய்த கவசங்களில் இது இல்லை.

சித்த மருத்துவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே என்று கேட்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். 1986இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா பெண்களிடம் எடுத்த ரத்தத்தில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. அந்தப் பெண்கள் காவல் இல்லத்தில் இருந்தவர்கள். நூறு ஆண்டு கழித்தும் முதலில் ஊசி குத்தப்பட்டது அடைக்கப்பட்ட பெண்களின் கையில்தான் என்பதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல இடங்களில் தொடவே அஞ்சிய தொண்ணூறுகளில் தாம்பரம் சானடோரியம் எனப்படும் அரசு நெஞ்சக மருத்துவமனை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே டாக்டர் செ. நெ. தெய்வநாயகம் பொறுப்பில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது எவ்வளவு பயன் தந்தது என்று மருத்துவர்கள் விவாதிக்கலாம். படுக்கை, பதிவேடு, ரத்தப் பரிசோதனை, பதில் சொல்லப் பொறுப்பான மருத்துவர் எல்லாம் அங்கே இருந்ததால் அந்த விவாதத்துக்கு வழி இருக்கிறது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. சித்த மருத்துவத்தின் பெயரைக் கெடுப்பது சட்டமல்ல, முகவரி இல்லாமல் அந்தப் பெயரை விற்பவர்கள்தான். இதை முறையாகப் படித்த சித்த மருத்துவர்களே முதலில் உரக்கச் சொல்ல வேண்டும்.

அப்படி விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளும் நிலைக்கவில்லை. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி எண் வேண்டும் என்று 2018 டிசம்பரில் மருந்து விதிகளில் 170ஆம் விதி வந்தது. 2023 ஆகஸ்டில் அதன்படி நடவடிக்கை வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. 2024 ஜூலையில் விதி நீக்கப்பட்டது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது, 2025 ஆகஸ்டில் வழக்கு முடிந்தபோது நிறுத்திவைப்பும் போயிற்று. 1954 சட்டத்தைத் திருத்தி, நோய்களை 78 ஆக்கி எய்ட்சையும் சேர்த்து, அபராதத்தைப் பத்து லட்சத்துக்கு உயர்த்தி, இணையத்தை வெளிப்படையாகக் குறிப்பிடும் வரைவு 2020 பிப்ரவரியில் வந்து வரைவாகவே நின்றது.

இதற்கிடையில் விளம்பரம் சுவரையும் பத்திரிகையையும் விட்டுக் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. சுவரொட்டியை ஆய்வாளர் பார்க்கலாம், கிழிக்கலாம். ஒருவன் இரவில் தன் அறிகுறியைத் தட்டச்சு செய்து தேடியதும் அவன் திரையில் மட்டும் தோன்றும் விளம்பரத்தை யார் பார்ப்பது? இணையத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது என்பது இங்கே சொல்லப்படும் அடுத்த வாதம். முழுக்க ஏற்க முடியாது. 2011 மே மாதம் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமும் வர்த்தக ஆணையமும் சேர்ந்து, ஹெர்பிஸ், எச்.ஐ.வி. முதலியவற்றுக்கு இணையத்தில் மருந்து விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. பால்வினை நோயைக் குணமாக்கும் மருந்து எதுவும் மருத்துவர் சீட்டில்லாமல் கடையிலோ இணையத்திலோ கிடைப்பதில்லை என்று மக்களுக்கும் தெளிவாகச் சொன்னார்கள். பணம் போகும் கணக்கும் பொட்டலம் கொண்டுவரும் கூரியரும் இங்கேயும் கண்ணுக்குத் தெரிகிறவைதான், மனமிருந்தால் பிடிக்கலாம். ஆனால் பிடித்தபின்? ஒரு பெயரை மூடினால் மறுநாள் வேறு பெயரில் திறப்பது இணையத்தில் மிக எளிது. தேடுகிறவனின் தேவை தீராதவரை விற்கிறவன் வந்துகொண்டே இருப்பான்.

அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை இருக்கத்தான் செய்கிறது, பிறகென்ன என்று கேட்கலாம். இருப்பது உண்மை, பெருமைக்குரியதும்கூட. மதராஸ் மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோய்த் துறையில் பணிபுரிந்த ஆர். வி. ராஜமும் பி. என். ரங்கையாவும் எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954இல், மாய நிவாரணச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், வெளியிட்டது. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைப் பதிவு செய்தது. எச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர் வைத்தவர் யாரோ, நோயாளியின் மனதை அறிந்தவர். தேசியத் திட்டத்தில் அறிகுறியைப் பார்த்தே கொடுக்கும் மருந்துப் பொட்டலங்கள் நிறம் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியேற்றத்துக்குச் சாம்பல், புண்ணுக்கு வெள்ளை, ஹெர்பிசுக்குச் சிவப்பு. வெள்ளைப் பொட்டலத்தில் இருக்கும் 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி, ஒரு மண்டல மருந்துக்கு வாங்கும் பணத்தோடு ஒப்பிட விலையே இல்லாதது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தன் நிலையைச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சிபிலிசுக்கும் கொனோரியாவுக்கும் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

இனி செம்பரம்பாக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் பூந்தமல்லி, திருமழிசை, மறு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். நெடுஞ்சாலையில் லாரி, தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு பேருந்து, வாடகை அறைகளில் வெளியூர் வெளிமாநில இளைஞர்கள். காலைப் புறநோயாளர் பிரிவு நடக்கும் நேரத்தில் அவர்கள் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள் அல்லது இரவு வேலை முடிந்து தூங்குகிறார்கள். விடுப்பெடுத்து வந்தாலும் ஓ.பி. சீட்டு வரிசையில் என்ன தொந்தரவு என்ற கேள்விக்கு நாலு பேர் காதுபடப் பதில் சொல்ல வேண்டும். இந்தி பேசுபவருக்கு அந்தப் பதிலைச் சொல்லக்கூட மொழி இல்லை. கைப்பேசிக்குள் இருக்கும் போலி மருந்துக் கடை இரவு பன்னிரண்டுக்கும் திறந்திருக்கிறது, எந்த மொழியிலும் பேசுகிறது. 1917 சட்டத்தின் நிபந்தனையை இந்தச் சாலைக்குப் பொருத்தினால் அரசு செய்யவேண்டியது தெளிவு: மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறக்கும், பெயருக்குப் பதில் எண் கொடுக்கும், இந்தியும் ஒடியாவும் பேச ஒருவர் இருக்கும், பெண்கள் தனி வழியில் வந்துபோகக்கூடிய சிகிச்சை நிலையம். அப்படி ஒன்று பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே திறந்து, அதன் முகவரியை அந்தப் போலி விளம்பரங்கள் தோன்றும் அதே தேடலில் முதலாவதாகத் தெரியும்படி அரசே காசு கட்டிப் போடட்டும். மருந்து ஆய்வாளர் விற்பவன் வாசலுக்குப் போகும்போது, வாங்க வந்தவனிடம் 'அங்கே போ' என்று சொல்ல அவர் கையில் ஓர் இடம் இருக்கும்.